விட்டுப்போன தியானத்தைப் பனிக்காலத்தில் மீண்டும் பிடிப்பது: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

ஒரு காலத்தில் பௌத்த முறையில் தினமும் உட்கார்ந்து மூச்சைக் கவனித்து, பிறகு விட்டுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை உட்கார்ந்தே பழகாதவர்கள் முதலில் ஓர் ஆசிரியரிடம் போவது நல்லது.

ஈரோட்டில் ஒரு மொட்டை மாடியில், ஞாயிறு காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்காருகிறோம். மழை பிடித்தால் ஆள் குறையும். மார்கழி பிறந்தால் புதிதாக நாலைந்து பேர் வருவார்கள். பெரும்பாலும் எப்போதோ ஒரு பத்து நாள் முகாம் முடித்து, ஆறேழு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு நிறுத்தியவர்கள். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காருவார்கள். நான்காம் நாள் முழங்கால் பிடித்துக்கொள்ளும், ஆறாம் நாள் சளி பிடிக்கும், பொங்கலுக்குள் ஆளைக் காணோம்.

எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். கீழே வரும் வரிசையில் உட்காருவது ஐந்தாவது படி. அதற்கு முந்தைய நான்கையும் தாண்டிக் குதித்தால் பனிக்காலம் உங்களை மறுபடி போர்வைக்குள் தள்ளிவிடும்.

1. பொருட்களை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

தூக்கக் கலக்கத்தில், இருட்டில், குளிரில் ஒரு பொருளைத் தேட நேர்ந்தால் கால் தானாகக் கட்டிலுக்குத் திரும்பிவிடும். ஆகவே எல்லாம் முதல் நாள் இரவே விரித்து வைத்திருக்க வேண்டும்.

கீழே விரிக்க ஒரு பவானி ஜமக்காளம். நான்காக மடித்துப் போடுங்கள். இப்போது எல்லா வீட்டிலும் டைல்ஸ் தரை. அதன் சில்லிப்பு பத்து நிமிடத்தில் இடுப்புக்கு ஏறிவிடும். விசைத்தறியில் நெய்த மெல்லிய விரிப்பு இதற்குப் போதாது, கைத்தறியின் கனம் வேண்டும்.

அதன் மேல் இலவம் பஞ்சு அடைத்த, கெட்டியான ஒரு சிறு தலையணை. இடுப்பு முழங்காலைவிட நான்கு விரல் உயரத்தில் இருந்தால்தான் முதுகு தானாக நிமிரும். மெத்தென்ற ஃபோம் தலையணை அமுங்கிப்போய் உங்களைக் கூன வைத்துவிடும். கீழே உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். பாதத்துக்கு அடியில் ஜமக்காளம் இருந்தால் போதும்.

சென்னிமலைப் போர்வை இரண்டு: ஒன்று தோளுக்கு, ஒன்று மடிக்கு. தலையை மட்டும் போர்த்தாதீர்கள். சொந்த மூச்சின் வெதுவெதுப்பு உள்ளேயே சுற்றினால் தூக்கம் உடனே வந்துவிடும். காது குளிர்ந்தால் குல்லாய் போட்டுக்கொள்ளலாம்.

நேரம் பார்க்க ஒரு சாதாரண அலாரம் கடிகாரம். கைப்பேசி வேண்டாம். மணி பார்க்க எடுத்த கைப்பேசியில் மஞ்சள் விலை பார்த்து, அப்படியே அரை மணி நேரத்தைத் தொலைத்தவர் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்.

புத்தர் சிலை, ஊதுபத்தி, தனி அறை எதுவும் கட்டாயமில்லை. சிலை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்த ஒருவருக்கு அது வந்து சேர்ந்தபோது தை பாதி முடிந்திருந்தது.

ஓர் எச்சரிக்கை. உதகை, கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயக்கம் வருவதைத் தியானத்தின் அமைதி என்று நினைத்துக்கொண்டே உயிர் போய்விடும்.

2. காலையைச் சரிசெய்யும் முன் இரவைச் சரிசெய்யுங்கள்

முதல் ஒரு வாரம் தியானமே வேண்டாம். படுக்கும் நேரத்தை மட்டும் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். ஐந்தரைக்கு எழ வேண்டும் என்றால் பத்து மணிக்குள் விளக்கணைய வேண்டும். தூக்கத்தைத் திருடி உட்கார்ந்தால், உட்கார்ந்த இடத்தில் அது தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

பனிக்காலத்தில் உடம்பு ஏன் எழ மறுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் தொடக்கத்தில் கோவையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. ஜனவரிக் கடைசியில் 6.45 தாண்டிவிடுகிறது. டிசம்பரோடு இருட்டு விலகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் அட்சரேகையில் பகல் நீளத் தொடங்கிய பின்பும் உதயம் மட்டும் தை நடு வரை பின்தங்கிக்கொண்டே போகும். கோடையில் ஐந்து மணிக்கு எழுந்த அதே ஆள், தையில் அந்த நேரத்துக்கு எழுந்தால் உடம்புக்கு அது நாலேகால் மணி போலத்தான். உங்கள் சோம்பல் என்று நீங்கள் திட்டிக்கொள்வதில் பாதி சூரியனின் வேலை.

நாலு மணிக்கு அலாரம் வைப்பவர்கள் உண்டு, பிரம்ம முகூர்த்தம் என்று. பௌத்தப் பயிற்சிக்கு அது நிபந்தனை இல்லை. இரவின் கடைசி யாமத்தில் எழச் சொன்னது பிக்குகளுக்கு. அவர்கள் நண்பகலுக்கு மேல் சாப்பிடுவதில்லை, இரவு பத்து வரை தறிக்கொட்டகையில் நிற்பதும் இல்லை.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். களியும் கொள்ளுப்பருப்பும் இந்தக் குளிருக்கு அருமையான சேர்க்கை, மறுக்கவில்லை. ஒன்பதரைக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்கு வயிறு லேசாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

3. மணியோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டுங்கள்

“தினமும் 5.45” என்று முடிவுசெய்தால், ஒரு நாள் 6.10 ஆனதும் இன்று அவ்வளவுதான் என்று மனம் கணக்கை மூடிவிடும். “பால் ஊற்றிவிட்டு வந்ததும்” என்று முடிவுசெய்தால் அந்தச் சாக்குக்கு இடமில்லை. மாடு வைத்திருப்பவர்களுக்குக் கறவை முடிந்து சொசைட்டிக்குப் போய்வந்த நேரம் நல்ல நேரம். உடம்பும் அதற்குள் சூடாகியிருக்கும். மற்றவர்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த நேரத்தையோ, பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்ட நேரத்தையோ பிடித்துக்கொள்ளலாம்.

இரவு ஷிஃப்ட் போகிறவர்கள் காலைத் தியானத்தையே மறந்துவிடுங்கள். வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்த பிறகு, முதல் உணவுக்கு முன்னால் உட்காருங்கள். எங்களோடு இருக்கும் ஒரு செவிலியர் மாலை நான்கு மணிக்கு உட்காருகிறார். மூன்று பனிக்காலமாக ஒரு மாதம்கூட விட்டதில்லை. விடியற்காலைக்காரர்கள் யாருக்கும் அந்தக் கணக்கு இல்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் உட்கார்ந்தால், சரியாக மூன்றாவது நிமிடத்தில் வாசலில் இருந்து “ஏனுங்க” என்று ஒரு குரல் கேட்கும்.

4. எழுந்ததும் உட்காராதீர்கள், நடங்கள்

கட்டிலிலிருந்து நேராகத் தலையணைக்கு வருவதுதான் புதிதாகத் திரும்புகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. குளிரில் இறுகிய இடுப்பும் முழங்காலும் இளகவில்லை. இளகாத மூட்டை மடக்கி உட்கார்ந்தால் வலி வரும், வலி வந்தால் அந்த வலிதான் அன்றைய தியானம்.

முகம், கை, கால் கழுவுங்கள். வெந்நீர் ஒரு டம்ளர் குடியுங்கள். சுக்கு மல்லிக் காபி குடிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அரை டம்ளர் குடிக்கலாம். பால் காபியும் செய்தித்தாளும் மட்டும் பிறகு, ஏனென்றால் அவை இரண்டும் தனியாக வருவதில்லை, கூடவே பேச்சையும் கூட்டிவரும்.

பிறகு பத்து நிமிடம் நடைத் தியானம். பதினைந்து இருபது அடி நீளத்தில் நேரான ஒரு பாதை போதும். வாசலிலோ மாடியிலோ வராந்தாவிலோ. கால் தூக்குவது, நகர்வது, தரையில் படிவது, இவற்றை உள்ளங்காலில் உணர்ந்தபடி முனை வரை போங்கள். நின்று, திரும்பி, மறுபடி நடங்கள். முதல் ஐந்து நிமிடம் வழக்கமான வேகம், பிறகு மெதுவாக. தொடக்கத்திலேயே ஆமைபோல் நடந்தால் உடம்பு சூடேறாது.

இது உட்காருவதற்கு முன்னோட்டம் என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான அங்குத்தர நிகாயம் நடைத் தியானத்துக்கு ஐந்து பயன் சொல்கிறது: நெடுவழி நடக்கும் திறன், முயற்சிக்கும் திறன், நோயின்மை, உண்டது நன்றாகச் செரித்தல், நடையில் கிடைத்த மன ஒருமை நெடுநேரம் நிலைத்தல். இரவுச் சாப்பாட்டை நேரத்துக்கு முடிக்காதவர்கள் நான்காவதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

மொட்டை மாடியில் நடப்பவர்கள் பனி ஈரத்தில் வழுக்காமல் பாருங்கள். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

5. இப்போது உட்காருங்கள், பத்தே நிமிடம்

முன்பு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவராக இருந்தாலும் பத்து நிமிடம்தான். இதற்கு எதிர்ப்பு வராத ஆண்டே இல்லை. முகாமில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்தவன், எனக்குப் பத்து நிமிடமா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அந்தப் பதினொரு மணி நேரத்தில் சமையல், வீடு, வியாபாரம் எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். இங்கே நாம் கட்டி எழுப்புவது, மறுநாளும் வந்து உட்காரும் பழக்கத்தை மட்டும். இன்னும் கொஞ்சம் உட்காரலாமே என்று தோன்றும்போது எழுந்துவிட்டால் மறுநாள் கால் தானாக வரும்.

முதலில் மும்முறை சரணம் சொல்லுங்கள், வாய்விட்டு: புத்தம் சரணம் கச்சாமி, தம்மம் சரணம் கச்சாமி, சங்கம் சரணம் கச்சாமி. ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க உறுதிகளை, ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை. ஆனால் அடுப்படி, தறிச் சத்தம், கடன் தவணை எல்லாவற்றையும் தாண்டி மனம் ஓர் இடத்துக்குள் நுழைய வாசற்படி வேண்டியிருக்கிறது.

பிறகு மூச்சு. நீண்ட மூச்சு வந்தால் நீண்டது என்று அறிவது, குறுகியது வந்தால் குறுகியது என்று அறிவது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சியான ஆனாபானசதியின் தொடக்கம் அவ்வளவுதான். பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே திணறுகிறார்கள். அவர்களை அறியாமலேயே மூச்சை இழுத்து, நிறுத்தி, அளந்து விடுகிறார்கள். இது வேறு பயிற்சி. மூச்சை நீங்கள் விட வேண்டாம், அது விட்டுக்கொள்ளும். உங்கள் வேலை காவல்காரன் வேலை. போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்ப்பது, யாரையும் பிடித்து நிறுத்துவது கிடையாது.

மனம் நிற்கவில்லை என்றால் எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைவாக எண்ணி நிறுத்த வேண்டாம், பத்துக்கு மேலும் போக வேண்டாம் என்கிறது விசுத்திமக்கம் என்னும் பழைய பாலித் தியான நூல். ஐந்துக்குள் நிறுத்தினால் மனம் குறுகிய பட்டியில் அடைத்த மாடுகளைப்போல முட்டிமோதும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். பட்டி கட்டி மாடு அடைத்துப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கடைசி ஒரு நிமிடம் மைத்திரி, அதாவது எல்லாருக்கும் நலம் நினைப்பது. நான் நலமாக இருக்கட்டும், இந்த வீட்டில் இருப்பவர்கள் நலமாக இருக்கட்டும், இந்தத் தெருவில் இருப்பவர்கள் நலமாக இருக்கட்டும். உலகத்துக்கு அப்புறம் போகலாம். மணி அடித்ததும் துள்ளி எழாமல், உள்ளங்கைகளைத் தேய்த்து முழங்காலில் வைத்து, காலை மெல்ல நீட்டுங்கள்.

6. மூக்கடைத்திருந்தால்

மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்கப் பழகியவர்கள் மார்கழியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூக்கே அடைத்துக்கொண்ட பிறகு எதைக் கவனிப்பது? பலர் இதையே காரணமாகச் சொல்லி ஒரு வாரம் விடுகிறார்கள், அந்த ஒரு வாரம் முடிவதே இல்லை.

வயிற்றுக்கு மாறிவிடுங்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழுவதையும் வெளியே வரும்போது தாழ்வதையும் கவனிப்பது பர்மாவின் பிக்கு மகாசி சயாதோ கற்பித்த முறை. வாயால் மூச்சு விட்டாலும் இதைச் செய்யலாம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதை முதல் நாள் இரவே முடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருந்தால் உட்காரவே வேண்டாம், படுத்தபடி ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் விடியற்காலைப் பனியில் வெளியே நடக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. தூக்கம் வந்தால் என்ன வரிசையில் எதிர்கொள்வது

மந்தமும் உறக்கமும் சேர்ந்த நிலையைப் பாலியில் தீனமித்தம் என்பார்கள். தியானத்துக்கு வரும் ஐந்து தடைகளில் ஒன்று, பனிக்காலத்தில் முதன்மையானது. இதில் உங்களுக்குக் கூச்சமே வேண்டாம். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி வழிந்திருக்கிறார். அங்குத்தர நிகாயத்தில், ஏழின் தொகுதியில், அவருக்குப் புத்தர் சொன்ன வழிகள் வரிசையாக இருக்கின்றன. வரிசை முக்கியம். ஒன்று பலிக்காவிட்டால்தான் அடுத்தது.

முதலில், எதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது தூக்கம் வந்ததோ அதைவிட்டு வேறொன்றைக் கவனிப்பது. மூச்சில் தூங்கினால் உடம்பு தரையைத் தொடும் இடங்களுக்கு மாறிப் பாருங்கள். அதன்பின், கேட்ட தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, மனத்தில் ஆராய்வது. பிறகு அதை வாய்விட்டு ஓதுவது. ஓதப் பாலிச் சூத்திரம் தெரியாவிட்டால் சரணத்தையும் சீலத்தையும் சொல்லலாம்.

அதற்கும் போகாவிட்டால் இரண்டு காது மடல்களையும் இழுத்து விட்டு, கை கால்களைத் தேய்த்துக்கொள்வது. பள்ளியில் வாத்தியார் செய்ததை இங்கே நாமே செய்துகொள்கிறோம். அடுத்து, எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி, திசைகளைப் பார்த்து, வானத்தில் விண்மீன்களைப் பார்ப்பது. மழை ஓய்ந்த மார்கழி விடியலில் மொட்டை மாடிக்கு ஏறினால் இந்த மருந்து எவ்வளவு நல்லது என்று தெரியும். எனக்கு அநேகமாக இந்தப் படியிலேயே தூக்கம் போய்விடும்.

பிறகு ஒளியை மனத்தில் கொள்வது. இரவும் பகல்போல வெளிச்சம் என்று நினைத்து மனத்தைத் திறந்துவைப்பது. அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி திறந்து உட்கார்ந்தாலும் உதவுகிறது. அதற்கும் அசையாவிட்டால் எழுந்து நடப்பது. எட்டாவதாக, எதுவும் பலிக்கவில்லை என்றால், வலப்பக்கமாகச் சிங்கம்போல் படுத்து, எழும் நேரத்தை மனத்தில் வைத்துத் தூங்கிவிடுவது. விழித்ததும் உடனே எழ வேண்டும்.

நம் ஆட்கள் முதல் ஏழையும் விட்டுவிட்டு எட்டாவதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

8. மார்கழி ஒலிபெருக்கியோடு உட்காருவது

மார்கழி முழுக்க விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி பாடும். சில ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு பாட்டு, ஒரே நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த வழக்கைத் தலையணை மேல் உட்கார்ந்து நடத்தாதீர்கள். பத்து நிமிடமும் வாதி, பிரதிவாதி, நீதிபதி மூவரும் நீங்களே.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன். அமைதி கிடைத்தால்தான் தியானம் என்று மனம் பழகிவிடும், பிறகு ஒரு கொசு வந்தாலும் போச்சு. மாறாக, சத்தம் வரும்போது “கேட்டல், கேட்டல்” என்று மனத்தில் குறித்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். பாட்டின் சொற்களுக்குள் போகாமல், அது உயர்வது, தாழ்வது, நடுவில் விழும் இடைவெளி, இவற்றை மட்டும் கவனியுங்கள். தெரிந்த பாட்டு என்றால் மனம் அடுத்த வரியை முந்திக்கொண்டு பாடும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிபாளையத்தில் தறிக்கொட்டகைக்கு அடுத்த வீட்டில் இருக்கும் ஒருவருக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. தறிச் சத்தம் அவருக்குத் தொந்தரவு இல்லை. மின்வெட்டில் தறி நின்றால்தான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறக்கிறார்.

9. நேரத்தைக் கூட்டும் கணக்கு

மார்கழி முதல் நாள் உட்காரத் தொடங்கினால், முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். பொங்கல் வாரத்தில் கூட்ட வேண்டாம். இப்படிப் போனால் தை மாதம் பாதி கடக்கும்போது அரை மணி நேரத்துக்கு வந்திருப்பீர்கள். வேலைக்குப் போகும் இல்லறத்தாருக்கு அது நிறைவான அளவு.

ஒரு வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போனால் கூட்டாதீர்கள், ஒரு படி இறங்குங்கள். வீணை வாசித்துப் பழகிய சோணர் என்னும் பிக்கு கால் புண்ணாகும்வரை நடந்து மனம் சோர்ந்தபோது, நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினாலும் தளர்த்தினாலும் நாதம் வருமா என்று புத்தர் கேட்டார். மாதத்தாள் நாள்காட்டியில் உட்கார்ந்த நாளுக்கு மட்டும் ஒரு புள்ளி வையுங்கள், நிமிடத்தை எழுத வேண்டாம். எழுதினால் நேற்றைய உங்களோடு போட்டி தொடங்கிவிடும்.

10. பொங்கல் வாரத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு

புதிதாகத் திரும்பியவர்களில் பாதிப் பேரை நாங்கள் இழப்பது இந்த வாரத்தில். போகியன்று காப்புக் கட்டு, அடுத்த நாள் பொங்கல், அதற்கடுத்து மாட்டுப் பொங்கல், வீடு நிறைய மாமன் மச்சான், அத்தை, பிள்ளைகள். தனி இடம் கிடைக்காது, கிடைத்தாலும் விருந்தாளிகளை விட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்காருவது மரியாதையாக இருக்காது.

அந்த நான்கு நாளைக்குத் தினமும் இரண்டே நிமிடம் என்று முன்னதாகவே வகுத்துக்கொள்ளுங்கள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இருபது மூச்சு. கறி வெந்துகொண்டிருக்கும் அடுப்பின் முன் நின்றபடியும் செய்யலாம். பண்டிகை முடிந்த மறுநாள் பழைய அளவுக்கே திரும்புங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாக உட்கார வேண்டாம். ஈடுகட்டியவர்கள் மறுநாள் வந்ததை நான் பார்த்ததில்லை.

பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு நான்காம் படியே போதும். அத்தனை மைல் நடையில் உள்ளங்காலைக் கவனிக்க வாய்ப்புக்குப் பஞ்சமில்லை.

11. அமாவாசை, பௌர்ணமி நாட்களைப் பயன்படுத்துங்கள்

அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி ஆகியவை பௌத்த மரபில் உபோசதம் என்னும் நோன்பு நாட்கள். நம் வீடுகளில் அமாவாசைக்கு ஏற்கெனவே தலைக்குக் குளித்து, அசைவம் தவிர்த்து ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதன் மேலேயே ஏற்றிவையுங்கள்: அன்று மட்டும் மாலையிலும் ஒருமுறை உட்காருங்கள், முடிந்தால் இரவு உணவை விட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

அன்றைய தினம் இன்னொருவரோடு சேர்ந்து உட்கார முடிந்தால் நல்லது. குளிரில் எழ வைப்பதில் அலாரத்தைவிட, வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணத்துக்கு வலு அதிகம். சேலம், ஆத்தூர் பக்கம் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை தியாகனூர் போய்வரலாம்; அங்கே அமர்ந்த நிலையில் பெரிய கற்சிலையாகப் புத்தர் இருக்கிறார்.

12. மாசி பிறந்ததும்

பின்பனியில் விடியல் முன்னே வரத் தொடங்கும், மாசிக் கடைசியில் ஆறரைக்கே வெளிச்சம் வந்துவிடும். எழும் நேரத்தை மாற்றாதீர்கள். குளிர் போய்விட்டதே என்று நடையை நிறுத்துவதும் இந்த மாதத்தில்தான் நடக்கிறது. ஐந்து நிமிடமாகக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம்.

மடிப் போர்வையை முதலில் எடுத்துவிடுங்கள், பங்குனியில் தோள் போர்வையையும். இரண்டையும் துவைத்து வெயிலில் காயவைத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். ஜமக்காளத்தை மட்டும் எடுக்காதீர்கள், விரித்த இடத்திலேயே கிடக்கட்டும்.